ஆர்எக்ஸ் 100 இன்ஜின் இறக்கியாச்சு: கிராங்க் லேத்துல இருக்கிற பத்து நாள்ல வேற என்ன வேலை முடிக்கலாம்?

கொடைரோடு98 | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். மாமா ஓட்டினது, இப்ப நான் தினமும் வேலைக்குப் போக 22 கிலோமீட்டர் இதுலதான் போறேன். மூணு மாசமா இன்ஜின்ல கடகடன்னு ஒரு சத்தம். பிரிச்சுப் பார்த்தா கனெக்டிங் ராட் அடிப்பக்க பேரிங் போயிருக்கு, பிஸ்டன்லயும் கோடு விழுந்திருக்கு. புது ராட், பேரிங் செட் (ராட் கிட்) போட கிராங்க்கையும் (பிஸ்டனோட மேல்கீழ் அசைவைச் சுத்தலா மாத்துற தண்டு), உள்ள கடைஞ்சு பெருசாக்க (போர் பண்ண) சிலிண்டரையும் திண்டுக்கல்ல ஒரு லேத்துல கொடுத்துட்டு வந்திருக்கேன். பத்து நாள் ஆகும்னு சொல்லிட்டாங்க.

இப்ப கிராங்க்கை மூடியிருக்கிற இன்ஜின் கேஸ் ரெண்டு பாதியும் தனித்தனியா இருக்கு, கியர்பாக்ஸ் மேசை மேல, டேங்க் ஒரு மூலையில, சேஸ் மட்டும் ஸ்டாண்டுல நிக்குது. வேலை எல்லாம் நானே செய்யறேன், பக்கத்துப் பட்டறை அண்ணன் சாயங்காலம் வந்து பார்த்துட்டுப் போவார். லேத் கூலி போக கையில 6,000 ரூபாய் இருக்கு. இந்தப் பத்து நாள்ல எதைச் செய்யணும், எதை அப்படியே விடணும்? திரும்ப ஒரு தடவை இந்த இன்ஜினை இறக்குற நிலைமை வரக்கூடாது, அதுதான் எனக்கு முக்கியம்.

பட்டறைவாசி | சனி, இரவு 10.25

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல டூ ஸ்ட்ரோக் வண்டிதான் பார்க்கிறேன். நீங்க கேட்டதுக்கு என் பதில் ஒரே இடத்துல ஆரம்பிக்கும்: கிராங்க் ஆயில் சீல் (தண்டைச் சுத்தி இருக்கிற ரப்பர் வளையம்), கரண்ட் உண்டாக்குற மேக்னட் பக்கம், கிளட்ச் பக்கம், ரெண்டும். பழசு பார்க்க நல்லாத்தான் இருக்கும். கையில எடுத்து உதட்டை மடக்கிப் பாருங்க, அட்டை மாதிரி விறைச்சிருக்கும்.

நாலு ஸ்ட்ரோக் வண்டியில சீல் போனா ஆயில் ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். இதுல அப்படி இல்ல. பெட்ரோல் கலவை முதல்ல கிராங்க்கேஸுக்குள்ள வந்து, பிஸ்டன் இறங்கும்போது அமுங்கி மேல போகுது. அதனால அந்தப் பெட்டி காத்துப் புகாம இருக்கணும். மேக்னட் பக்க சீல் தளர்ந்தா வெளிக்காத்தை உள்ள இழுக்கும். கலவையில பெட்ரோல் குறையும், வண்டி தானா ரேஸ் ஆகும், ஆக்சிலரேட்டரை மூடினாலும் ஸ்பீடு இறங்காது. நல்லா இழுக்குதேன்னு சந்தோஷமா ஓட்டிட்டு இருக்கும்போதே பிஸ்டன் ஜாம் ஆயிடும். கிளட்ச் பக்க சீல் போனா வேற மாதிரி: கியர் ஆயிலை இழுத்து எரிக்கும். சைலன்சர்ல வெள்ளைப்புகை நிக்காது, கியர் ஆயில் அளவு இறங்கிக்கிட்டே போகும், கீழ ஒரு சொட்டு ஒழுகல் இருக்காது. ஆயில் எங்க போச்சுன்னு தெரியாம கார்ப்பரேட்டரை மாத்தினவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்.

உங்க பழைய பிஸ்டன்ல கோடு எந்தப் பக்கம்? சைலன்சர் பக்கம்னா மேக்னட் சீல் மேல எனக்குச் சந்தேகம்.

கேஸ் பிரிச்சிருக்கும்போதே கியர் ஷாஃப்ட் சீல், கிக்கர் ஷாஃப்ட் சீல், கிளட்ச் புஷ்ராட் சீல் எல்லாத்தையும் சேர்த்து மாத்திடுங்க. விலை சில நூறு ரூபாய்க்குள்ள முடியும். இதுக்காகவே தனியா இன்ஜின் இறக்கினா ரெண்டு நாள் வேலை.

லேத்மேன்_கோவை | ஞாயிறு, காலை 6.50

பட்டறைவாசி அண்ணன் சொன்னது சரிங்க. நான் லேத் பக்கத்துல இருந்து ரெண்டு மூணு சொல்றேன்ங்க, நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க.

முதல்ல பிஸ்டனை நீங்க வாங்கி லேத்துக்காரர் கையில கொடுங்க. ஸ்டாண்டர்டு போர் 50 மில்லிமீட்டர். ஓவர்சைஸ் 0.25 மில்லிமீட்டர் கணக்குல ஏறும்: 50.25, 50.50, இப்படி. ஆனா டப்பாவுல 50.50னு போட்டிருக்கிறதை நம்பி போர் பண்ணக்கூடாதுங்க. ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டர்ல அளந்து, அதுக்குத் தகுந்த இடைவெளி விட்டுத்தான் ஹோனிங் (கடைசியா உரசி மெருகேத்துறது) முடிக்கணும்.

அடுத்தது நிறையப் பேர் விட்டுடுறது. போர் பண்ணினதும் போர்ட் (சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஜன்னல்) ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும். அதை லேசா மழுக்கணும்ங்க. மழுக்காம விட்டா ரிங் அந்த ஜன்னல்ல மாட்டி உடையும், உடைஞ்ச துண்டு சிலிண்டர் முழுக்கக் கோடு போட்டுடும். சிலிண்டர் திரும்பி வந்ததும் விரலை உள்ள விட்டு போர்ட் விளிம்பைத் தடவிப் பாருங்க. விரல்ல கீறுச்சுன்னா திருப்பிக் கொடுங்க.

கிராங்க் இந்த வண்டியில பிரஸ் பண்ணிச் சேர்க்கிறது. ராட் கிட் போட்டதும் வி பிளாக்குல வெச்சுச் சுத்தி, முள் வெச்ச டயல் கேஜ்ல ஓட்டம் (தண்டு எவ்வளவு கோணி ஆடுதுன்னு) பார்க்கணும். 0.03 மில்லிமீட்டருக்குள்ள வந்தாத்தான் நான் வெளிய அனுப்புவேன். நீங்க பக்கத்துல நின்னு பார்க்கிறேன்னு சொல்லுங்க, நல்ல லேத்துக்காரர் காட்டுவார்.

மெயின் பேரிங் மாத்தும்போது பழையதுல இருக்கிற நம்பரோட சி3ன்னு போட்டிருக்கான்னு பார்த்து அதே வாங்குங்க. உள்வளையம் ஷாஃப்ட்ல இறுகி, சூட்டுல விரியும்போது குண்டுகளுக்கு இடம் வேணும். சாதா பேரிங்ல அந்த இடம் கம்மி.

கொடைரோடு98 | ஞாயிறு, காலை 8.15

ரொம்ப நன்றி அண்ணா. பட்டறைவாசி அண்ணா, கோடு சைலன்சர் பக்கம்தான் ஆழமா இருக்கு. போன வருஷம் கார்ப்பரேட்டர் மாத்தினதும் ஸ்பீடு இறங்காத பிரச்சினைக்காகத்தான். இப்பதான் புரியுது.

பேரிங் கேஸுக்குள்ள ஏத்துறதுக்கு சுத்தியல் தவிர வேற வழி இருக்கா?

லேத்மேன்_கோவை | ஞாயிறு, காலை 8.40

சுத்தியலைத் தொடாதீங்க. பேரிங்கை ராத்திரியே ஃப்ரீசர்ல வெச்சுடுங்க. காலையில கேஸை அடுப்புத் தோசைக்கல் மேலயோ பேக்கிங் ஓவன்லயோ சீரா சூடு பண்ணுங்க. தண்ணி தெளிச்சா சுர்ருனு குதிச்சு மறையணும், அவ்வளவு போதும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியுங்க, பேரிங் தன் எடையிலயே இறங்கி உட்காரும். ஒரு பக்கம் மட்டும் சூடு காட்டினா கேஸ் கோணிக்கும். சீல் எல்லாம் கேஸ் ஆறினதுக்கு அப்புறம்தான், உதட்டுல கிரீஸ் தடவி.

கிராங்க்கை ஏத்தும்போது முனையில ஓங்கித் தட்டினாலும் லேத்துல சரி பண்ணிக் கொடுத்த ஓட்டம் கெட்டுடும். இழுத்து ஏத்துற டூல் கிடைச்சா வாங்கிக்குங்க, இல்லைன்னா பட்டறையில இரவல் கேளுங்க.

குரோம்பிரியன் | ஞாயிறு, காலை 11.05

இவ்வளவு பிரிச்சாச்சு, சேஸை மட்டும் ஏன் விடறீங்க? மொத்தமா கழட்டி பவுடர் கோட்டிங் போட்டு, டேங்க், சைடு பாக்ஸ் பெயிண்ட், புது குரோம்னு முடிச்சுடுங்க. நான் என் வண்டிக்கு அப்படித்தான் செஞ்சேன். 1985ல ஆரம்பிச்சு 1996ல நின்னுபோன வண்டி, இனிமே யாரும் செஞ்சு தரப்போறதில்லை. ஒரு தடவை செஞ்சா இருபது வருஷம் கவலை இல்லை.

பட்டறைவாசி | ஞாயிறு, மதியம் 1.30

வண்டி மேல உங்களுக்கு இருக்கிற பிரியம் புரியுது. ஆனா இந்தத் தம்பி தினமும் இதுலதான் வேலைக்குப் போகணும், கையில 6,000 ரூபாய். பெயிண்ட்டை எப்ப வேணும்னாலும் அடிக்கலாம், அதுக்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. கேஸுக்குள்ள இருக்கிற சீல் அப்படி இல்ல. எந்த வேலைக்குத் திரும்ப இவ்வளவு தூரம் பிரிக்கணுமோ அதை இப்ப முடிக்கணும். வெளியில நின்னு பத்து நிமிஷத்துல மாத்துறது எல்லாம் அடுத்த மாசச் சம்பளத்துக்குக் காத்திருக்கும்.

பவுடர் கோட்டிங் பத்தி இன்னொன்னு. சேஸ் நம்பர் மேல கோட்டிங் ஏறினா எழுத்து மூழ்கிடும். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கப் போகணும், அங்க அந்த நம்பரை பென்சில்ல தேய்ச்சு எடுக்கிறாங்க. தெளிவா வரலைன்னா அலைச்சல். போடுறவங்க அந்த இடத்தை டேப் ஒட்டி மறைச்சுட்டுப் போடச் சொல்லுங்க. ஹேண்டில் திரும்புற பேரிங்கோட கோன் கப் உட்காருற இடம், எர்த் போல்ட்டு இடம், இதுங்களையும் மறைக்கணும்.

குரோம்பிரியன் | ஞாயிறு, மதியம் 2.10

சேஸ் நம்பர் விஷயம் ஒத்துக்கிறேன் அண்ணா. எனக்கு அதைச் சுரண்டி எடுக்க அரை நாள் ஆச்சு. ஆனா சென்டர் ஸ்டாண்டு பைப்புக்குப் பக்கத்துல, பேட்டரி தட்டுக்குக் கீழ துரு இருக்கான்னு மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்க. என் வண்டியில பேட்டரி தட்டு அடியில விரல் நுழையுற ஓட்டை இருந்துச்சு. இன்ஜின் மாட்டிட்டா அங்க கண்ணு போகாது.

பட்டறைவாசி | ஞாயிறு, மதியம் 2.25

அது நல்ல யோசனை. துரு இருந்தா கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு, மேல கறுப்பு. நூறு ரூபாய் வேலை.

நெல்லைச்சக்கரம் | ஞாயிறு, மாலை 6.00

தம்பி, இன்ஜின்லயே எல்லாரும் நிக்காங்க, நான் கீழ வாரேன். ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கை) ஷாஃப்ட்டை இன்னைக்கே உருவிப் பாருங்க. 1994ல போட்டதுக்கு அப்புறம் அதை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. எனக்கு அது புஷ்ஷோட (ஷாஃப்ட் சுத்துற உறை) துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு, மூணு நாள் எண்ணெய் ஊத்தி ஊற வெச்சு அடிச்சுத்தான் வந்துச்சு. புஷ் தேஞ்சிருந்தா பின் சக்கரம் வளைவுல தனியா ஒரு ஆட்டம் ஆடும், நாம டயர்ல கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு இருப்போம். சக்கரத்தைக் கழட்டிட்டு, ஆர்மைப் பிடிச்சு இடதும் வலதுமா அசைச்சுப் பாருங்க. அசைவு தெரிஞ்சா புஷ் மாத்தணும். தெரியலைன்னா துடைச்சு, கிரீஸ் வெச்சு, திருப்பிப் போட்டா போதும்.

முன்பக்கம் கோன் செட். முன் சக்கரம் தரையில படாம தூக்கி வெச்சு, ஹேண்டில்பாரை ஒரு விரலால மெதுவாத் திருப்புங்க. நேரா வரும்போது ஒரு பள்ளத்துல விழுந்த மாதிரி நின்னுச்சுன்னா கப்புல குண்டு தடம் பதிஞ்சிருக்குன்னு அர்த்தம். கிரீஸ் வெச்சா சரியாகாது, கப்பு, கோன், குண்டு மொத்த செட்டா மாத்தணும். புதுக் குண்டைப் பழைய கப்புல போட்டா ஆறு மாசம் கூட வராது.

அப்படியே பின் ஹப்புல டேம்பர் ரப்பரைக் கையால அமுக்கிப் பாருங்க. செயின் ஸ்பிராக்கெட் ஆடினா அது நைஞ்சிருக்கு.

கொடைரோடு98 | ஞாயிறு, இரவு 9.20

அண்ணாச்சி, ஷாஃப்ட் வந்துடுச்சு! மரச்சுத்தியலால நாலு தட்டுதான். புஷ் நல்லா இருக்கு, ஆட்டம் இல்ல. கோன் செட்தான் நீங்க சொன்ன மாதிரியே நடுவுல நிக்குது. அதை மாத்திடறேன்.

பேட்டரி தட்டு ஓட்டை இல்ல, ஆனா அடியில செதில் செதிலாத் துரு. நாளைக்குத் தேய்ச்சுடறேன்.

அடுத்தது டேங்க். உள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா செம்மண் கலர். பெட்ரோல் டேப் ஃபில்டர்லயும் பொடி.

மின்னிணைப்பு | திங்கள், காலை 7.30

நான் பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் சொல்லித் தர்றேன். மாணவர்களோட சேர்ந்து போன செமஸ்டர்ல ரெண்டு பழைய டேங்க்கை மின்பகுப்பு முறையில துரு எடுத்தோம். வீட்டுலயே செய்யலாம், ஆனா கவனமா.

பெட்ரோல் டேப்பைக் கழட்டி ஓட்டையை அடைச்சுட்டு, பெட்ரோல் வாசனையே இல்லாத அளவுக்கு சோப்புத்தண்ணி விட்டுப் பல தடவை கழுவுங்க. அப்புறம் டேங்க் நிறையத் தண்ணி, லிட்டருக்கு ஒரு ஸ்பூன் கணக்குல சலவை சோடா. மூடி வழியா ஒரு இரும்புக் கம்பியை டேங்க்ல எங்கயும் படாம தொங்கவிடணும், பழைய ட்யூப் ரப்பரை மூடி வாயில சுத்திக்கலாம். பேட்டரி சார்ஜரோட பாசிட்டிவ் அந்தக் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்க்குக்கு. இதை மாத்திக் கொடுத்தா டேங்க்தான் கரையும். எவர்சில்வர் கம்பி வேண்டாம், அதுல இருந்து விஷமுள்ள குரோமியம் தண்ணியில கலக்கும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால திறந்த வெளியில வெச்சு, சார்ஜரை அணைச்சுட்டு அப்புறம் கிளிப்பைக் கழட்டுங்க. தீப்பொறி கூடவே கூடாது.

ஒரு ராத்திரிக்கு அப்புறம் கம்பி முழுக்கச் சேறு மாதிரி ஒட்டியிருக்கும். துடைச்சுட்டுத் திரும்பப் போடுங்க. துரு போனதும் கழுவி உடனே காய வெச்சு, கொஞ்சம் டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்த பெட்ரோலை ஊத்திச் சுழட்டி விடணும். ஈரத்தோட ஒரு மணி நேரம் விட்டாலும் திரும்ப மஞ்சள் பூக்கும். எங்க ஊர்ல சிலர் புளித்தண்ணி ஊற வெச்சும் எடுப்பாங்க. லேசான துருவுக்கு அதுவே போதும், நாள்தான் ஆகும்.

இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், 1994ல செஞ்ச ரப்பருக்கும் ஒத்து வராது. டேங்க்கைச் சுத்தம் பண்ணிட்டுப் பழைய டியூபையே மாட்டாதீங்க. பெட்ரோல் டியூப், டேப் பேக்கிங், கார்ப்பரேட்டர் அடித்தொட்டி பேக்கிங் மூணும் புதுசாப் போடுங்க.

டேங்க் இல்லாத இப்பதான் ஒயரிங்கையும் பார்க்க முடியும். ஹேண்டில்பார் திரும்புற இடத்துல ஒயர் கட்டு ஆயிரக்கணக்கான தடவை வளைஞ்சிருக்கும். மேல சுத்தின டேப்பைப் பிரிச்சு, ஒவ்வொரு ஒயரா மெல்ல வளைச்சுப் பாருங்க. சாக்கெட்ல பச்சைக் களிம்பு இருந்தா சுரண்டிட்டு மாட்டுங்க. எர்த் ஒயர் உட்காருற இடத்தை எமரி வெச்சு வெள்ளையாகுற வரை தேய்க்கணும்.

கொடைரோடு98 | புதன், இரவு 10.10

அக்கா, டேங்க் முடிஞ்சது. ரெண்டு ராத்திரி ஆச்சு. உள்ள சாம்பல் நிறத்துல இரும்பு தெரியுது. ஒயர் கட்டுல பிரேக் லைட்டுக்குப் போற ஒயர் உள்ளுக்குள்ளயே அறுந்து, தோல் மட்டும் பிடிச்சுட்டு இருந்துச்சு. ரெண்டு வருஷமா பிரேக் லைட் சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. பல்பை மட்டும் மாத்திட்டே இருந்தேன்.

ஒரு கேள்வி. இன்ஜினுக்குத் தனியா டூ டி ஆயில் அனுப்புற ஆயில் பம்ப்பை எடுத்துட்டு, பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்திக்கச் சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?

பட்டறைவாசி | புதன், இரவு 10.50

பம்ப் வேலை செஞ்சா எடுக்காதீங்க. ஆக்சிலரேட்டர் திறக்கிற அளவுக்குத் தகுந்த மாதிரி அது ஆயில் தருது. கையால கலந்தா மெதுவாப் போகும்போதும் அதே அளவு, இழுக்கும்போதும் அதே அளவு. ஆனா ஒன்னு, டியூப் விறைச்சிருந்தா மாத்துங்க. மாட்டினதும் பம்ப்ல இருக்கிற காத்து எடுக்கிற திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாம ஆயில் வர்ற வரை விடுங்க. காத்து இருந்தா இன்ஜினுக்கு ஆயில் போகாது, புது பிஸ்டன் முதல் நாளே போயிடும். அந்த பயத்துக்காகவே முதல் டேங்க் பெட்ரோல்ல லிட்டருக்கு 20 மில்லி கலந்து ஊத்துங்க, பம்ப்பும் ஓடட்டும். கொஞ்சம் புகைஞ்சா புகையட்டும்.

இருசக்கரம்_திருவாரூர் | வியாழன், காலை 9.00

சைலன்சரை மறந்துட்டீங்க. உள்ள இருக்கிற பேஃபிளை (சத்தம் குறைக்கிற குழாய்) உருவி, கரியைச் சுரண்டுங்க. பிஸ்டனையும் சிலிண்டரையும் புதுசாக்கிட்டு அடைச்ச சைலன்சரை மாட்டினா இழுவை வராது. காஸ்டிக் சோடாவுல ஊற வைக்கலாம், ஆனா அலுமினியம் எதுவும் பக்கத்துல வரக்கூடாது, அரிச்சுடும். கையுறை கட்டாயம். ஹெட்டுல கரி எடுக்க மூங்கில் சீவல்தான் நல்லது, ஸ்க்ரூட்ரைவர் கோடு போடும்.

லேத்மேன்_கோவை | வியாழன், காலை 9.45

தம்பி, காத்து எங்கயாவது கசியுதான்னு பார்க்க ஒரு சோதனை இருக்குங்க. இன்ஜினைச் சேஸ்ல ஏத்துறதுக்கு முன்னால மேசை மேலயே செய்யணும். சிலிண்டர், ஹெட் எல்லாம் மாட்டிட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி வெச்சு, சைலன்சர் வாயையும் கார்ப்பரேட்டர் ரப்பர் வாயையும் அடைச்சுடுங்க. ஆயில் பம்ப் டியூப் வர்ற வழியையும் அடைக்கணும். பிளக் ஓட்டை வழியா 6 பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) காத்து மட்டும், அதுக்கு மேல கூடாது. ஆறு நிமிஷம் நிக்கணும். டயர் பம்ப் இதுக்கு ஆகாது. பழைய பி.பி. மெஷின் இருந்தா அதோட பல்பும் டயலும் போதும்: டயல்ல 300 வரை ஏத்தினா ஏறக்குறைய அந்த அளவுதான்.

இறங்குச்சுன்னா சோப்புத்தண்ணி தடவுங்க. கிளட்ச் பக்க சீல் மட்டும் வெளிய தெரியாது. கியர்பாக்ஸ் மூச்சுக் குழாயைத் தண்ணி டம்ளர்ல முக்கி வெச்சுப் பாருங்க, குமிழ் வந்தா அந்த சீல்.

கொடைரோடு98 | அடுத்த செவ்வாய், இரவு 11.30

கிராங்க் எட்டாவது நாளே வந்துடுச்சு. டயல் கேஜ் வெச்சுக் காட்டினாங்க, முள் அசைஞ்சது கண்ணுக்குத் தெரியவே இல்ல. போர்ட் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், ஒரு ஜன்னல்ல மட்டும் கீறுச்சு. சொன்னதும் அங்கயே மழுக்கிக் கொடுத்துட்டாங்க.

பேரிங் தோசைக்கல் முறையில தானா இறங்குச்சு. அம்மா பழைய கல் ஒன்னை எடுத்துக் கொடுத்தாங்க.

இன்னைக்குச் சோதனை. பாட்டியோட பி.பி. மெஷின்ல 300 வரை ஏத்தினேன். ஒரு நிமிஷத்துல 220க்கு வந்துடுச்சு. டம்ளர்ல குமிழ் இல்ல. சிலிண்டர் அடியில, ரப்பர் ஜாயின்ட்ல சோப்புத்தண்ணி தடவினேன், ஒன்னும் இல்ல. மேக்னட் பக்கம் தடவினதும் சீலைச் சுத்தி ஒரு பக்கம் மட்டும் நுரை வந்துச்சு. நான் புதுசாப் போட்ட சீல்! ஸ்கேல் வெச்சுப் பார்த்தா ஒரு ஓரம் முக்கால் மில்லிமீட்டர் உள்ள போயிருக்கு, சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கு.

அதை எடுத்துட்டு, பக்கத்துப் பட்டறை அண்ணன்கிட்ட இருந்த இன்னொரு சீலை, அதே அளவு சாக்கெட் வெச்சு நேரா அழுத்திப் போட்டேன். ஆறு நிமிஷத்துல 300ல இருந்து 290. உட்கார்ந்து முழுசா முள்ளையே பார்த்துட்டு இருந்தேன்.

பட்டறைவாசி | அடுத்த புதன், காலை 6.15

தம்பி, இதைப் படிச்சதும் மனசு நிறைஞ்சது. அந்தச் சீலோட வண்டியில ஏத்தியிருந்தா மறுபடி கோடு விழுந்த பிஸ்டனோடதான் எழுதியிருப்பீங்க. இனிமே அவசரப்படாதீங்க. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு அணைச்சு, முழுசா ஆறட்டும். அப்படி மூணு தடவை. ஆறின இன்ஜின்ல ஹெட் நட்டை ஒருமுறை எதிரெதிரா இறுக்கிப் பாருங்க. முதல் 500 கிலோமீட்டர் முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், ஒரே ஸ்பீடுலயும் ஓட்ட வேண்டாம்.

கொடைரோடு98 | அடுத்த சனி, மாலை 5.45

நாலாவது கிக்குல பிடிச்சுச்சு அண்ணா. ஆக்சிலரேட்டரை விட்டதும் ஸ்பீடு இறங்கி அப்படியே நிக்குது, கடகட சத்தம் இல்ல. பம்ப்ல காத்து எடுத்தேன், பெட்ரோல்ல 20 மில்லியும் கலந்திருக்கேன். மூணு தடவை சூடாக்கி ஆற வெச்சாச்சு. ஹெட் நட்டு நாலுல ரெண்டு மட்டும் கால் திருகு இறுகுச்சு.

6,000ல 740 ரூபாய் மிச்சம். அடுத்த மாசம் டேம்பர் ரப்பரும் செயின் கிட்டும்.